எதிர் நாற்காலி

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். ஃபிரிட்ஜ்தான் சௌக்கியமில்லை. எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கிறது. பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று நானும் ரிப்பேருக்குச் சொல்லாமல் விட்டுவைத்திருக்கிறேன். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று போனில் கேட்கும் குரலை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. வீட்டில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று, கவரைப் பிரிக்காமல் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'போனில் சொன்னால் உம் கொட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள், எழுத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும்' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தாய். வாஸ்தவம். உனக்கு விடிகிற நேரத்தில் எனக்குக் கொட்டாவி வருகிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே குளிரா என்று கேட்டு முடிப்பதற்குள் உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் நானும் எழுதியே அனுப்புகிறேன்.

லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் ஒரு பழக்கம். யார் வேலை கொடுத்தாலும் அதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்வேன். இதோ சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. நம் ஊர் மியூசியத்தின் கிடங்கில் உன் ஆள் வரைந்த 'தனியே ஒருத்தி' படம் இருக்கிறது. (போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் செத்துப்போன ஒரு ஓவியரை, கட்டின புருஷன் நானே 'உன் ஆள்' என்று சொல்வதில் உனக்கு இன்னும் கோபம் இருந்தால் அதையும் எழுது.) படத்தில் ஒரு பெண் மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளுக்கு எதிரே ஒரு பழுப்பு அலமாரி. பார்த்தவர்கள் எல்லோரும் தனிமையின் ஓவியம் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நீ மட்டும், படிக்கிற காலத்தில் ஒரு பழைய கறுப்புவெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, இவள் அலமாரியைப் பார்க்கவில்லை, யாரையோ பார்க்கிறாள் என்றாய். எதிரே ஒரு ஆண் உட்கார்ந்திருந்தான், உன் ஆளே முதலில் அவனை வரைந்து, பிறகு என்ன காரணத்தாலோ அவன்மேல் அலமாரியைத் தீட்டி மூடிவிட்டார் என்பது உன் கட்சி.

அந்தப் படத்தை வைத்திருந்த குடும்பம் உன்னை வாசற்படி ஏற விடவில்லை. நீ விமானம் ஏறிப் போன பிறகு மியூசியத்துக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். உன் நேரம் அப்படி. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நீ எழுதியதற்கு, கண்ணுக்கு ஏதாவது புலப்பட்டால் யோசிக்கிறோம் என்று மியூசியம் கைகழுவிவிட்டது. பரீட்சைக் காலமாதலால் உன்னால் வர முடியாது. ஆகவே என் கண்ணை அனுப்பச் சொல்கிறாய். மேல் வர்ணத்துக்கு அடியில் ஆள் இருக்கிறானா, இல்லையா? உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை என்பது கடைசிப் பத்தியில் இருந்தது. ஆள் இருந்தால் உன் கட்டுரை அச்சாகும். அச்சானால் உன் வேலையை நிரந்தரமாக்குவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் இந்தக் கல்வியாண்டோடு ஒப்பந்தம் முடிகிறது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை நீ ஏதோ பஸ் கட்டண விவரம் மாதிரி எழுதியிருந்தாய். அந்த மேஜைக்காரன் இருந்தால் நீ அங்கே, இல்லாவிட்டால் நீ இங்கே. இவ்வளவு பெரிய கேஸில் போயும் போயும் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறாயே அம்மா!

உன் ஆளுக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. பெரிய ஓவியராகப் பார்த்து எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று ஆராய்ச்சி வழிகாட்டி முகத்தைச் சுளித்தார். பட்டம் வாங்கிய பிறகு மூன்று கல்லூரிகளில் பகுதிநேரம். ஸ்லைடுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி ஓடுவாய். ஒரு நேர்முகத் தேர்வில், இந்த ஓவியரை யாருக்கும்மா தெரியும் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியும் என்று பதில் சொல்லிவிட்டு வந்தாய். வேலை கிடைக்கவில்லை. அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார். அவர் இன்னும் உன்னை வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம்கூட, "டாக்டரம்மா எப்ப சார் வருவாங்க, முட்டி வலி உயிர் போகுது" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முட்டியாக இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் அங்கிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருஷம்தானே என்று அனுப்பி வைத்தேன். நூலகப் புத்தகம் மாதிரி அதை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் நானும் ஒரு மாதம் வந்து இருந்து பார்த்தேனே. உன் கட்டடத்து லிஃப்டில் கதவு மூடும்போது ஒரு தப்பான சத்தம், அதைச் சொல்ல ஆளில்லாமல் தவித்துப்போனேன். உன் துறை விருந்தில் ஒருவர் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ 'இன்ஜினியர்' என்றாய். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமே உத்தியோகமாக இருந்தும் பதவியில் மட்டும் ஏறாதவன் நான். அன்றைக்குத்தான் ஏறினேன்.

உன் அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். "நீங்களும் வான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்க, அவளும் வரேன்னு சொல்ல மாட்டேங்கறா. நடுவுல நான்தான் கெடந்து அடிச்சுக்கறேன். இதென்ன தம்பி குடும்பம்?" என்று ஒரு பாட்டம் தீர்த்தார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அதற்கும் திட்டு.

சாப்பாட்டு மேஜைமேல் இப்போது உன் புத்தகங்கள்தான் இருக்கின்றன. மறுநாள் வகுப்பை முதல் நாள் அந்த மேஜையில் என்னிடம்தான் நடத்திப் பார்ப்பாய். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். "முழங்கையை எடுங்க, நோட்ஸ் கசங்குது" என்று நடுநடுவே ஒரு அதட்டல் வரும். உன் முதல் மாணவன் நான், வருகைப் பதிவில் குறையே வைக்காதவன். இப்போது நோட்ஸ் இல்லை, முழங்கையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் நன்றாக இல்லை.

புது வீட்டுக்கு மேஜையும் நாற்காலியும் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். நாற்காலி ஒன்றுதான் என்றும், இடம் அவ்வளவுதான் என்றும் எழுதியிருந்தாய். நல்லது. முதுகு வலிக்காத நாற்காலியா என்று பார்த்துக்கொள்.

வியாழக்கிழமை மியூசியத்துக்குப் போகிறேன். சட்டை இஸ்திரி போட்டாகிவிட்டது.

உன் தரப்புச் சாட்சி

*

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

போய் வந்தேன். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் கெட்டிக்காரி, கறார்ப் பேர்வழி. உன் அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பையை வெளியே வைக்கச் சொன்னார், பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார். "தொடக் கூடாது சார். பேசறதா இருந்தா முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பேசுங்க, எச்சில் தெறிக்கும்" என்றார். உனக்கு இவரைப் பிடிக்கும்.

படம் நான் நினைத்ததைவிடச் சின்னது. நம் வீட்டு டிவி அளவுகூட இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் என்று முதலில் தோன்றியது, மன்னித்துக்கொள். பிறகு நீ சொல்லிக் கொடுத்த மாதிரி பெயர்ப்பலகையைப் படிக்காமல், கால் வலிக்கிறவரை நின்று பார்த்தேன். அவள் பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கத்தி பாதியில் நிற்கிறது. நீ சொன்னது சரிதான், அவள் அலமாரியைப் பார்க்கவில்லை. அலமாரியை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ஆள் இல்லை. என் டார்ச்சைக் கொண்டுபோயிருந்தேன், லிஃப்ட் குழிக்குள் அடித்துப் பார்க்கிற அதே டார்ச். படத்துக்கு நேரே நின்று, அம்மாள் அனுமதித்த தூரத்திலிருந்து, அலமாரியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பழுப்பு, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் கரும்பழுப்பு, கதவு, கைப்பிடி, அதில் ஒரு மினுக்கம். வேறொன்றும் இல்லை. தலையோ தோளோ தெரிந்துவிடுமோ என்று தேடித் தேடிப் பார்த்தேன். சத்தியமாக இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். நேராக எழுதுவதுதான் மரியாதை. உன் மனசு எவ்வளவு உடையும் என்று எனக்குத் தெரியும். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரனுக்குப் போன் போட்டேன். உன் அறை ஜன்னலைத் திறந்து தூசி தட்டினேன். திரைச்சீலையைத் துவைத்துப் போட்டேன். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் மறித்து, "என்ன சார், பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டார். நான் பாடியது எனக்கே தெரியாது.

உனக்கு எத்தனையோ திறமை. இங்கே வந்தால் கல்லூரிகள் உன்னைக் கொத்திக்கொண்டு போகும் என்று பொய் சொல்ல மாட்டேன். பகுதிநேரமாகத்தான் இருக்கும். பஸ் மாற வேண்டியிருக்கும். ஆனால் மேஜை அப்படியே இருக்கிறது.

வருத்தப்படாதே. சாப்பிடாமல் இருக்காதே.

உன் வீட்டுக்காரன்

*

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் பதில் வந்தது. திட்டியிருப்பாய், அழுதிருப்பாய், ஓவியரைப் பற்றி நாலு பக்கம் வாதாடியிருப்பாய் என்று பார்த்தால், ஒரே ஒரு வரி: 'டார்ச்சை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தீர்கள்?'

நேரே பிடித்தேன் என்பது உனக்கு நான் எழுதியதிலிருந்தே தெரியும். தெரிந்துதான் கேட்கிறாய். கல்யாணமான புதிதில் ஒருநாள் இந்த மேஜையில் வைத்து எனக்கு நீ சொல்லிக் கொடுத்த பாடம் அது. மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, நம் சுவரில் எதிர்வீட்டுக் குழந்தை மெழுகுக் கலரில் கிறுக்கி, நாம் மேலே வெள்ளையடித்து மறைத்திருந்த பூனைப் படத்தைக் காட்டினாய். நேர் வெளிச்சத்தில் வெறும் சுவர். சாய்ந்த வெளிச்சத்தில் மீசையோடு பூனை. நிறத்தைத்தான் மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது என்றாய். அது எப்படி எனக்கு மறந்தது என்று இப்போது கேட்டுப் பிரயோஜனமில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'எல்லாப் பக்கத்திலிருந்தும் பிடித்துப் பார்த்தேன்' என்று எழுதினேன். எழுதின வரி கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. நீ நம்பியிருப்பாய். அதுதான் கஷ்டம், நான் சொன்னால் நீ நம்பிவிடுவாய். பிடிக்காத பிரேக்கைப் பிடிக்கிறது என்று இன்றுவரை நான் கையெழுத்துப் போட்டதில்லை. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மியூசியத்துக்குக் கிளம்பினேன்.

அம்மாளுக்கு என்னை மறுபடி பார்த்ததில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. "அன்னிக்கே பாத்தீங்களே சார், ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார். தப்பாகப் பார்த்துவிட்டேன் அம்மா என்றேன். என்ன நினைத்தாரோ, முகம் கொஞ்சம் இளகியது. "தப்புன்னு ஒத்துக்கிட்டு இங்க ரெண்டாவது தடவ வந்த ஆள் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு மேல் விளக்கையெல்லாம் அவரே அணைத்தார். டார்ச்சைப் படத்தின் இடது ஓரத்தில், சட்டத்தோடு ஒட்டினாற்போல், ஏறக்குறையப் படுக்கவைத்துப் பிடித்தேன்.

இனி நீ கேட்டதை எழுதுகிறேன். இதைக் கவனமாகப் படி.

ஆள் இருக்கிறான்.

அலமாரியின் கதவு வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வரம்பு வரம்பாக மேடு. அந்த மேடுகள் கதவோடு போகவில்லை, வளைந்து போகின்றன. முதலில் தோள் தெரிந்தது. தோள் தெரிந்ததும் மற்றதெல்லாம் தானே வந்துவிட்டது. தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது, அவள் பக்கமாக. நாற்காலியின் முதுகுச் சட்டம்கூடத் தெரிகிறது. உன் ஆள் அவனை மட்டும் மூடவில்லை, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் சேர்த்து மூடியிருக்கிறார். அவனுக்கும் ஒரு தட்டு, ஆனால் தட்டில் கை இல்லை. அவன் சாப்பிடவில்லை. ஒரு முழங்கையை மேஜைமேல் ஊன்றி, அவள் ஏதோ சொல்கிறாள், அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். புரிகிறதோ இல்லையோ, கேட்டுக்கொண்டிருக்கிறான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நானாக எதையும் கற்பனை செய்துவிடக் கூடாதே என்று, ஒன்றும் சொல்லாமல் அம்மாளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் நான் நின்ற இடத்தில் நின்று பார்த்தார். குனிந்து இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். பிறகு, "அட பாவி, இங்கதான் இருக்கியா நீ?" என்றார், அவனிடம்தான். அவரே போய் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதிகாரியும் பார்த்தார். எக்ஸ்ரேக்கு உத்தரவு போடுவதாகவும், சாய்ந்த வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து இந்த வாரமே உனக்கு அனுப்புவதாகவும் சொன்னார். நான் பென்சிலில் வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கை உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது, மற்றபடி அளவு சரி.

ஆக, அந்தப் படத்தில் அவள் தனியாக இல்லை. ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. படிக்கிற பெண்ணாக, ஒரு மங்கின புகைப்படத்தை வைத்துக்கொண்டு நீ சொன்னது. வழிகாட்டியும் தேர்வுக்குழுவும் சிரித்தார்கள். இப்போது நீ சிரி. அந்த வழிகாட்டி உயிரோடு இருந்தால் விலாசத்தைத் தேடிப் பிடித்து ஒரு பிரதி அனுப்பு. எனக்கு இதில் இருக்கிற பெருமையை எழுதத் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொன்னேன். அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரன் ஒருவழியாக வந்து வேலையை முடித்துவிட்டு, சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இப்போது முனகல் இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் கதவைத் திறந்து திறந்து மூடினேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிடுகிறேன். நீ வந்துவிடுவாய் என்று, உன் பதில் வருகிறவரை மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரம் நன்றாக இருந்தது.

அதற்காக நீ எதையும் மாற்ற வேண்டாம். கட்டுரையை முடி. வேலையை வாங்கு. உன் அக்கா கேட்டால் நான்தான் வாங்கச் சொன்னேன் என்று சொல், திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன். உன் ஆள் ஏன் அவனை மூடினார் என்பதற்கு நீ ஏதாவது காரணம் கண்டுபிடித்து எழுதுவாய். படம் வாங்க வந்தவனுக்குப் பிடிக்கவில்லை என்றோ, இடம் போதவில்லை என்றோ. எதுவாக இருந்தாலும், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள். கையெழுத்துப் போட நான் தயார்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த ஊர் லிஃப்டுகளை யாராவது பார்த்துக்கொள்வார்கள். அந்த ஊரில் நான் யார் என்று கேட்டால் இன்ஜினியர் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். லிஃப்ட் இன்ஸ்பெக்டர், என் பாடத்தைக் கேட்கிறவர் என்று சொல், போதும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் பெயர் அந்தப் பல்கலைக்கழகத்து வாசலில் பித்தளையில் மின்ன வேண்டும். வேலை நிரந்தரமானதும் முதல் காரியமாக அந்த வீட்டுக்கு இன்னொரு நாற்காலி வாங்கிப் போடு. இடம் போதாவிட்டால் அலமாரியை நகர்த்து. கை வைத்த நாற்காலி வேண்டாம். முழங்கையை நான் மேஜைமேல்தான் வைப்பேன்.

உன் வீட்டுக்காரன்